போர்ஷில் புளிப்பு எப்போது சேர்ப்பது?

வணக்கம்.

உக்ரைன் போர்ஷ் சூப் வைத்துப் பார்த்தேன். எலும்புக்கறி, பீட்ரூட், தக்காளி மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்புறம் உருளைக்கிழங்கும் முட்டைகோஸும் போட்டேன். நிறம் செங்கல்தூள் மாதிரி ஆகிவிட்டது. கிழங்கு அரை மணி நேரம் ஆகியும் நறுக்கென்றே இருந்தது. எங்கே தப்பு?

வி.

அன்புள்ள வி.,

பொருளெல்லாம் சரி, போட்ட வரிசைதான் தப்பு. பீட்ரூட்டின் சிவப்பு நெடுநேரக் கொதியைத் தாங்காது. கூடக் கொஞ்சம் புளிப்பு இருந்தால் ஓரளவு நிற்கும். கிழங்குக்கோ அந்தப் புளிப்பே ஆகாது. காயை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் புளித்த நீரில் சட்டென்று இளகுவதில்லை. புளி ஊற்றினால் காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான். ஆகவே இரண்டையும் தனித்தனியே வேகவைத்துக் கடைசியில் சேருங்கள்.

ஆறு பேருக்கு, எலும்போடு முக்கால் கிலோ மாட்டுக்கறியை 3 லிட்டர் தண்ணீரில் நுரை எடுத்து, சிறுதீயில் 2 மணி நேரம் வேகவிடுங்கள். உப்பு, மிளகு, பிரிஞ்சி இலை போதும். அந்தச் சாற்றில் 300 கிராம் உருளைக்கிழங்கு, 10 நிமிடம் கழித்து 250 கிராம் முட்டைகோஸ்.

பக்கத்து அடுப்பில் ஒரு வெங்காயம், ஒரு கேரட் வதக்கி, தீக்குச்சி கனத்தில் அரிந்த 400 கிராம் பீட்ரூட், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை. வினிகரை பீட்ரூட்டோடேயே ஊற்றுங்கள், பிறகு ஊற்றிப் பயனில்லை. மூடி வைத்து 20 நிமிடம். அடி பிடித்தால் ஒரு கரண்டி சாறு. கடைசியில் 2 மேசைக்கரண்டி தக்காளி விழுது, எண்ணெய் பிரியும்வரை.

இப்போது கிழங்கில் கத்தி முனையைக் குத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் மட்டும் வதக்கலைக் கொட்டுங்கள். இனி 5 நிமிடம், தளதளவென்று கொதிக்கக் கூடாது. இறக்கியதும் உப்போடு நசுக்கிய நாலு பல் பூண்டு. உக்ரைனில் உப்பிட்ட பன்றிக்கொழுப்போடு சேர்த்து இடிப்பார்கள், மணமே வேறு.

சொல்லப்போனால் பீட்ரூட்டே பிந்தி வந்ததுதான். ஒருவகைக் காட்டுச்செடியின் தண்டைப் புளிக்கவைத்துக் காய்ச்சியதிலிருந்து வந்த பெயர் போர்ஷ். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு கறியில்லாமல் காளான் சாற்றில் வைப்பார்கள். போர் நடக்கும்போதே, 2022 ஜூலையில், உடனே காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ உக்ரைனின் போர்ஷ் சமையலைச் சேர்த்தது.

பரிமாறும்போது சதகுப்பைக் கீரையும் ஒரு கரண்டி புளித்த கிரீமும். நீர் வடித்த கெட்டித்தயிரும் நன்றாகவே இருக்கும். மறுநாள் ருசி கூடும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து நன்றாகச் சூடாக்கி, கொதி வரும் முன்பே இறக்கிவிடுங்கள்.