ஏஐ ஏஜென்ட்டுக்கு ஒரு கோப்பின் பழைய வரலாறு எதற்கு?

கேள்வி: "நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட், ஒரு நிரல் கோப்பைத் திறந்து படிக்கிறது, திருத்துகிறது. அந்தக் கோப்பின் பழைய பதிப்புகளைப் பார்க்கத் தனியாக ஒரு கருவி வேண்டுமா? டெர்மினல் (கட்டளைகளை எழுதி ஓட்டும் திரை) கொடுத்தால் போதாதா?"

கண்டிப்பாக வேண்டும். அது இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் உணவகங்களுக்கு பில் போடும் மென்பொருள் எழுதும் சின்னக் குழு எங்களுடையது. மொத்தத் தொகை போடும் கோப்பில் ஒரு வரி இருந்தது. தொகையை 20ஆல் பெருக்கி, பக்கத்து முழு எண்ணாக்கி, மறுபடியும் 20ஆல் வகுக்கும். ரொக்கத்துக்கு மட்டும்தான், கார்டுக்குக் கிடையாது. பக்கத்தில் விளக்கம் எதுவும் இல்லை. கோப்பைச் சுத்தம் செய்யச் சொல்லி ஏஜென்ட்டிடம் கொடுத்தோம். ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நினைத்து, இரண்டையும் ஒன்றாக்கி, அந்த வரியை எடுத்துவிட்டது. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எல்லாம் பாஸ். அந்த வரிக்கு டெஸ்ட் எழுதாதது எங்கள் தப்பு.

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த 20 ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தத்தைப் பக்கத்து 5 சென்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வெள்ளியில் (ரிங்கிட்) இருபது 5 சென் உண்டு. 23.47 வெள்ளி 23.45 ஆகும். கார்டில் கட்டினால் 23.47தான். மறுநாள் இரவு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காரும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, பில்லுல 23.47ன்னு வருது. 25 வெள்ளி குடுத்தா 1.53 எங்கேருந்து குடுக்குறது? ஒரு காசு, ரெண்டு காசு இப்ப யாரு வச்சிருக்கா?" வழக்கம்போல 1.55 கொடுத்து அனுப்பியிருக்கிறார். நாள் முழுக்க அப்படியே. கடை மூடும்போது கல்லாவும் கணக்கும் ஒத்துப்போகவில்லை. குறைந்ததைத் தன் கைக்காசிலிருந்து வைக்கப் போயிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு மனசே ஆறவில்லை.

அந்த வரியை எழுதியவர் காரணத்தை 2019லேயே கமிட் செய்தியில், அதாவது மாற்றத்தைச் சேமிக்கும்போது கூடவே எழுதும் குறிப்பில், எழுதி வைத்திருந்தார்: "5 சென் திருத்தம். ரொக்கத்துக்கு மட்டும்." ஏஜென்ட்டிடம் இருந்ததோ இன்றைய கோப்பைப் படிக்கும் கருவி மட்டும். அந்தச் செய்தி அதன் கண்ணில் படவே வழியில்லை.

பிறகு நாங்களே ஒரு கருவி செய்தோம். கோப்பின் பெயரைக் கொடுத்தால் கடைசிப் பத்து மாற்றங்களின் தேதி, எழுதியவர், செய்தி மூன்றும் வரும். ஒரு மாற்றத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால்தான் முழு வேறுபாட்டையும் காட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் ஏஜென்ட்டை இயக்கும் மாடலின் நினைவு இடம் அதிலேயே நிரம்பிவிடும். குறிப்பிட்ட சில வரிகள் எப்படி மாறி வந்தன என்றும் கேட்கலாம். நடைமுறையில் அதிகம் உதவுவது இதுதான்.

செய்யும்போதுதான் சிக்கல்கள் தெரிந்தன. கோப்பின் பெயர் மாறியதை, பதிப்புகளைச் சேமித்துவைக்கும் மென்பொருளான கிட் எங்கேயும் பதிந்து வைப்பதில்லை. உள்ளடக்கம் பாதிக்கு மேல் ஒத்துப்போனால் அதே கோப்பு என்று ஊகிக்கிறது. பெயர் மாற்றத்தையும் தொடரச் சொல்லும் 'ஃபாலோ' கொடுக்காமல், வரலாற்றைக் காட்டும் 'கிட் லாக்' கட்டளையைக் கேட்டால் வரலாறு பெயர் மாறிய நாளோடு நின்றுவிடும். நிரலின் வரி அமைப்பைச் சீராக்கும் ஃபார்மேட்டர் கோப்பு முழுவதையும் ஒருமுறை தொட்டிருந்தால், ஒவ்வொரு வரியும் கடைசியாக மாறிய நாளைச் சொல்லும் 'கிட் பிளேம்' எல்லா வரிக்கும் அந்த நாளையே காட்டும். அப்படிப்பட்ட கமிட்டுகளை ஒதுக்கிவைக்கும் வசதி 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து இருக்கிறது. எல்லாவற்றையும்விட மோசம், கடைசி கமிட்டை மட்டும் இறக்கும் குளோன் (நகல்). ஏஜென்ட் ஓடும் சர்வர்களில் வேகத்துக்காகப் பல இடங்களில் அப்படித்தான் வைப்பார்கள். அங்கே கேட்டால் கோப்பே நேற்றுத்தான் பிறந்தது போலத் தெரியும். அதனால் "வரலாறு இங்கே வெட்டப்பட்டிருக்கிறது, இதற்கு முன்பும் உண்டு" என்று எங்கள் கருவி வாய்விட்டுச் சொல்கிறது. உங்கள் கருவியில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

டெர்மினல் விஷயத்துக்கு வருகிறேன். 'கிட் லாக்' ஓடும் அதே இடத்தில் 'ரீசெட் ஹார்ட்'டும் ஓடும். அதை ஓட்டினால் கிட் கண்காணிக்கும் கோப்புகளில் கமிட் செய்யாத திருத்தங்கள் அத்தனையும் போய்விடும். படிக்க மட்டும் தெரிந்த கருவி என்றால் பயமில்லாமல் கொடுக்கலாம். ஆனால் ஒன்று: என்றோ தவறிப்போய் கமிட் செய்து பிறகு அழித்த கடவுச்சொல்லும் வரலாற்றில் அப்படியே இருக்கும். கருவியைக் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

போன வாரம் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி, சேவை வரி 8 விழுக்காடு ஆயிற்றே, இந்தக் கோப்பில் இன்னும் 6 இருக்கிறதே என்று ஏஜென்ட்டிடம் மாற்றச் சொன்னார். அது முதலில் வரலாற்றைப் பார்த்தது. 2024 மார்ச் 1 அன்று வரி கூடியபோது எங்கள் குழுவில் ஒருவர் எழுதிய செய்தி அங்கே இருந்தது: "உணவு, பானத்துக்கு 6தான், தொடாதே." கோப்பைத் தொடாமல் அந்தச் செய்தியை அப்படியே எடுத்துக் காட்டி, "இது உணவகத்துக்கான கோப்பு. மாற்றத்தான் வேண்டுமா?" என்று கேட்டது. தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.