நுரைக்கும் சேர்த்தா காசு? பெங்களூரு பீர் பப் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, நாங்கள் நாலு பேர் கோவையிலிருந்து சனி, ஞாயிறு பெங்களூரு வருகிறோம். சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்கும் பப்களாக ஆறேழு லிஸ்ட் போட்டிருக்கிறோம். சுற்றிப் பார்க்க வாடகை பைக் எடுக்கலாமா? எதை விடலாம், எதை விடக்கூடாது?

பதில்: முதலில் விடவேண்டியது பைக்கைத்தான் தம்பி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் கேஸ். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரு பெரிய கிளாஸ் பீரிலேயே சிலர் அந்த அளவைத் தாண்டிவிடுவார்கள். நீங்கள் போக நினைக்கும் பப்களில் பாதி மெட்ரோ பர்ப்பிள் லைனை ஒட்டியே இருக்கின்றன, 2023 அக்டோபரிலிருந்து அது ஒயிட்ஃபீல்டு வரைக்கும் முழுசாக ஓடுகிறது, அப்புறம் பைக் எதற்கு?

அடுத்து, ஆறேழு என்பதை மூன்றாக்குங்கள். சிக்கனம் பார்த்துச் சொல்லவில்லை. நாலாவது கடைக்குப் போகும்போது நாக்கு செத்திருக்கும், அங்கே ஊற்றுவது தங்கமா தவிடா என்று தெரியாமலே முழு விலையும் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

சனிக்கிழமை மதியம் இந்திராநகர் டாய்ட். 2010-ல் ஆரம்பித்த கடை, இந்த ஊர்க் கிராஃப்ட் பீர் (சின்ன அளவில் கடையே காய்ச்சும் பீர்) கதையை இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. சனி சாயங்காலம் போனால் வாசலில் பேர் கொடுத்துவிட்டு நிற்கவேண்டியதுதான், பன்னிரண்டு, ஒன்றுக்கெல்லாம் போய்விடுங்கள். உட்கார்ந்ததும் பெரிய கிளாஸ் சொல்லாதீர்கள், சாம்பிளர் கேளுங்கள். ஒரு மரப்பலகையில் குழி குழியாக வெட்டி அதில் சின்னச் சின்ன கிளாஸ் நிற்கவைத்து வரும், ஒவ்வொன்றிலும் நாலைந்து வாய் இருக்கும். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பை நோக்கிப் போங்கள், ஐபிஏ (கசப்பு தூக்கலான ஒரு பீர் ரகம்) இருந்தால் நிறம் என்னவானாலும் அது கடைசிதான், ஏனென்றால் அந்தக் கசப்பு ஏறிய நாக்குக்கு மற்றதெல்லாம் தண்ணீர். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். பச்சைமிளகாய், வெங்காயம் போட்ட கடலை மசாலா சாம்பிளர் முடியும்வரை மேஜைப் பக்கமே வரக்கூடாது (எனக்கும் பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன்). அங்கே பாஸ்மதி அரிசி சேர்த்துக் காய்ச்சும் 'பாஸ்மதி பிளாண்ட்' என்று ஒன்று உண்டு, லேசாக இருக்கும், கிராஃப்ட் பீரே குடிக்காதவருக்கு நல்ல ஆரம்பம்.

சாயங்காலம் எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் இறங்கி மக்ராத் ரோட்டில் ஆர்பர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊர் புரூவரியின் பேரோடு 2012-ல் வந்தது. 'ரேஜிங் எலிஃபென்ட்' ஐபிஏ அங்கே பிரபலம், யானை மாதிரிதான் கசப்பும், நாலு பேருக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்து பாருங்கள். ஞாயிறு மதியம் ஒயிட்ஃபீல்டு வின்ட்மில்ஸ், சாப்பாட்டோடு. புத்தக அலமாரியும் ஜாஸ் கச்சேரி மேடையுமாக இருக்கும் இடம், விலையும் அதற்கேற்ப. கேப் பிடிக்கத் தயார் என்றால் அதற்குப் பதிலாகப் பழைய மெட்ராஸ் ரோட்டில் கீஸ்ட் போகலாம், 'அங்கிள் டங்கெல்', 'காமசித்ரா' என்றெல்லாம் பீருக்குப் பேர் வைத்திருக்கிறார்கள்.

எந்தக் கடையானாலும் ஆர்டர் எடுக்க வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு எது டேங்க்ல புதுசு?" கோதுமை பீரும் ஐபிஏவும் புதிதாக இருந்தால்தான் ருசி, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை நாளாக நாளாக இறங்கிக்கொண்டே போகும். கறுப்பாக இருக்கும் ஸ்டவுட்டுக்கு அவ்வளவு அவசரமில்லை. லாகர் (நாம் வழக்கமாகக் குடிக்கும் பாட்டில் பீரின் ரகம்) குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளிந்தால்தான் நன்றாகவே வரும். நீங்கள் கேள்வி கேட்டதும் ஆர்டர் எடுப்பவர் ஓடிப்போய் உள்ளே விசாரித்து வந்தால் நல்ல கடை. "எல்லாமே ஃப்ரெஷ்தான் சார்" என்றால் சாம்பிளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோதுமை பீர் குடித்தேன், வாழைப்பழ வாசனை தூக்கலாக இருந்தது. எசன்ஸ் ஊற்றி ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, அது ஈஸ்ட் செய்கிற வேலை. ஜெர்மன் பாணிக் கோதுமை பீரில் தானியத்தில் பாதிக்கு மேல் கோதுமை மால்ட் (முளைகட்டிக் காயவைத்த கோதுமை), அதைப் புளிக்கவைக்க ஒரு தனி ரக ஈஸ்ட். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும்போது கூடவே வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் விட்டுச்செல்லும். ஆப்பமாவில் கள் ஊற்றினால் ஒரு மணம், சோடா மாவு போட்டால் இன்னொன்று வருகிறதல்லவா, அதுபோலத்தான். வாழைப்பழமும் கிராம்பும் உள்ளே போகவே இல்லை.

ஆனால் பெல்ஜியம் பாணியில் 'விட்' என்று விற்பதில் உண்மையிலேயே சாமான் போடுவார்கள்: நம் வீட்டுத் தனியாவும் ஆரஞ்சுத் தோலும். மெனுவில் இரண்டும் 'வீட் பீர்' என்றே இருக்கும், எந்தப் பாணி என்று கேட்டு வாங்குங்கள். வாழைப்பழ வாசனை பிடிக்கவில்லை என்றால் விட் உங்களுக்குச் சரிப்படும்.

கேள்வி: 'பைன்ட்' என்று ஆர்டர் செய்தேன், 330 மில்லிதான் வந்தது, அதிலும் மேலே இரண்டு விரல் நுரை. பில்லில் 10% சர்வீஸ் சார்ஜ் வேறு. கேட்டதற்கு "கம்பெனி பாலிசி" என்றார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. பைன்ட் என்பது பிரிட்டனில் 568 மில்லி. நம் ஊரில் 650 மில்லி பாட்டிலை 'ஃபுல்' என்றும் 330 மில்லி பாட்டிலைப் 'பைன்ட்' என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம், அது பப்புக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கடையில் 330, இன்னொன்றில் 500. அதனால் பைன்ட், மக் என்ற பேச்சே வேண்டாம், எத்தனை மில்லி என்று கேளுங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: 330 மில்லி 330 ரூபாய், 500 மில்லி 425, ஒன்றரை லிட்டர் பிட்சர் (பெரிய ஜக்) 1,200 என்று வைத்துக்கொண்டால் 100 மில்லிக்கு முறையே 100, 85, 80 ரூபாய் ஆகிறது. பிட்சர்தான் மலிவு, ஆனால் இரண்டு பேருக்குப் பிட்சர் வாங்கினால் கடைசி கிளாஸ் வெதுவெதுப்பான சாம்பார் மாதிரி இருக்கும். மூன்று, நாலு பேர் என்றால் வாங்குங்கள்.

நுரையைப் பற்றிக் கோபப்படாதீர்கள், வாசனை அதில்தான் நிற்கிறது, கோதுமை பீருக்கு இரண்டு விரல் நியாயமானதே. கிளாஸில் பாதி நுரை என்றால் திருப்பிக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம், சங்கடப்பட ஒன்றுமில்லை.

சர்வீஸ் சார்ஜில்தான் நீங்கள் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. ஆகவே "எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் எடுக்கத்தான் வேண்டும், கம்பெனி பாலிசி சட்டத்துக்கு மேல் இல்லை. மறுத்தால் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பரிமாறியவர் நன்றாகக் கவனித்தார் என்றால் அவர் கையில் டிப்ஸ் கொடுங்கள், அது வேறு கணக்கு.

இன்னொன்றையும் பாருங்கள்: மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது மாநில வரிக்குள் வரும். தனி ரெஸ்டாரன்ட் என்றால் சாப்பாட்டுக்கு மட்டும் 5% ஜிஎஸ்டி. பீரையும் சிக்கனையும் ஒன்றாகக் கூட்டி மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பீர் கெட்டுப்போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பிடிக்காத ருசிக்கும் கெட்டுப்போனதற்கும் வித்தியாசம் தெரியவில்லையே.

பதில்: நல்ல கேள்வி, எனக்கே பல நாள் தெரியவில்லை. போன வருடம் ஒரு பப்பில் (பேர் வேண்டாம்) லாகர் வாங்கினேன், மூக்கருகே கொண்டுபோனதும் தியேட்டர் பாப்கார்ன் வாசனை, அப்படியே வெண்ணெய். பக்கத்து மேஜையில் யாரோ பாப்கார்ன் சாப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்த்தேன், எல்லோரும் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள். டயாசெடில் என்று ஒரு சாமான், ஈஸ்ட் உண்டாக்குவது, கொஞ்ச நாள் விட்டால் அந்த ஈஸ்டே அதை உறிஞ்சிக்கொள்ளும், அவசரப்பட்டு ஈஸ்டைப் பிரித்துவிட்டால் பீரிலேயே தங்கிவிடும். சொன்னேன். மேனேஜர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வேறு கிளாஸ் கொண்டுவந்தார், ஆனால் அதே லாகர் அடுத்த மேஜைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது.

வினிகர் புளிப்பு இருந்தால் பெரும்பாலும் டேப்புக்கு வரும் குழாயைக் கழுவவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை ஆப்பிள் வாசனை என்றால் பீர் இன்னும் முதிரவில்லை. இவையெல்லாம் திருப்பிக் கொடுக்கத் தகுந்தவை (புளிப்புக்காகவே காய்ச்சும் பீர்கள் உண்டு, மெனுவில் போட்டிருப்பார்கள், அதை வாங்கிவிட்டுச் சண்டை போடாதீர்கள்). கசப்பு அதிகம், காபி மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் குறை ஆகாது, அந்த ரகமே அப்படி. கிளாஸையும் பாருங்கள், உள்பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை. ஃப்ரீசரில் வைத்து ஐஸ் படிந்த மக்கில் தந்தால் வேண்டாம், சாதா கிளாஸ் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவு குளிரில் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

கேள்வி: ஸ்ட்ராங் பீர் குடித்துப் பழகியவன் நான். இங்கே மூன்று கிளாஸ் குடித்தும் ஏறவில்லை. தண்ணீர் கலக்கிறார்களா?

பதில்: இல்லை. நீங்கள் குடித்த ஸ்ட்ராங் 8% வரை இருக்கும், இங்கே பல பீர்கள் 5% பக்கம். மெனுவில் ஒவ்வொன்றுக்கும் நேரே போட்டிருப்பார்கள். ஏறுவதுதான் கணக்கு என்றால் இவ்வளவு காசு கொடுத்து இங்கே வரவேண்டாமே.

கேள்வி: டாய்ட் மாதிரி ஒன்று சென்னையில் ஏன் இல்லை? இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஊருக்கு எடுத்துவரலாமா?

பதில்: தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில், பப்பிலேயே காய்ச்சி ஊற்றுவதற்கு அங்கே வழி திறக்கவில்லை. ஆனால் நமக்கும் பீருக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். கிங்ஃபிஷர் விற்கும் யுனைடெட் புரூவரீஸ், தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய புரூவரிகள் ஐந்தை ஒன்றாகச் சேர்த்ததில் பிறந்தது, நீலகிரி புரூவரியும் அதில் அடக்கம். வருடம் 1915, மேலே சொன்ன உதவி எண்ணேதான், மறக்காது.

எடுத்து வருவது வேண்டாம். ஓசூர் தாண்டினால் வெளிமாநில மது என்று மதுவிலக்கு போலீஸ் பிடிக்கலாம். அதைவிட, டேங்கிலிருந்து நேரே பிடிப்பது பாட்டில் பீர் மாதிரிச் சூடாக்கிப் பதப்படுத்தியது இல்லை, ரயிலில் குலுங்கி வீடு சேர்வதற்குள் சூடாகி, கேஸ் போய், நீங்கள் பெருமையாக மச்சானுக்கு ஊற்றிக் கொடுக்கும்போது அவர் "இதுக்கா இவ்ளோ பில்டப்பு" என்பார்.

கேள்வி: அக்டோபர் 2 லீவு வருகிறது, அன்றைக்கு ஒருநாள் பயணமாகவே வந்து போகலாம் என்று ரயில் டிக்கெட் போட்டுவிட்டோம். முதலில் எந்தக் கடை?

பதில்: காந்தி ஜயந்தி சார். எந்தக் கடையும் ஊற்றாது. லால்பாக் போய்ப் பாருங்கள், மாவள்ளி டிபன் ரூம்ஸில் தோசை சாப்பிடுங்கள்.