ஸ்டாக் பிராசஸர் போர்டில் அடங்கவில்லையா?

கேள்வி: இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐஸ்ஸ்டிக் என்ற சின்ன எஃப்பிஜிஏ போர்டுக்காக (நாமே சர்க்யூட்டை வடிவமைத்து ஏற்றும் சிப் உள்ளது) 16 பிட் ஸ்டாக் பிராசஸர் ஒன்றை வெரிலாக் என்ற ஹார்டுவேர் மொழியில் எழுதினேன். ஸ்டாக் என்றால் கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு. கணக்குக்கான மதிப்புகளை வைக்கும் டேட்டா ஸ்டாக், திரும்பிப் போக வேண்டிய இடத்தை வைக்கும் ரிட்டர்ன் ஸ்டாக் இரண்டும் 32 அடுக்கு. சிமுலேஷனில் நன்றாக ஓடுகிறது. போர்டுக்கு மாற்றினால் இடம் போதவில்லை என்கிறது டூல். கடைக்காரர் பெரிய போர்டு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஜேம்ஸ் போமன் 2010-இல் வெளியிட்ட ஜே1 என்ற ஸ்டாக் பிராசஸர், வெரிலாக்கில் 200 வரிக்குள் அடங்கிவிடும். அதன் சின்ன வடிவமான ஜே1ஏ, நீங்கள் வைத்திருக்கும் இதே ஐஸ்ஸ்டிக்கில்தான் ஓடுகிறது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் சொல்ல மாட்டார், அவர் பிழைப்பு அது.

சிக்கல் ஸ்டாக்கை எழுதிய விதத்தில் இருக்கிறது. 32 அடுக்கு, 16 பிட், இரண்டு ஸ்டாக்: மொத்தம் 1024 பிட். அர்ரே என்று எழுதி, கேட்ட மாத்திரத்தில் மதிப்பு வர வேண்டும் என்று படித்தால், இந்தச் சிப்பில் டூல் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்) ஒதுக்கும். சிப்பில் இருப்பதே 1280 லாஜிக் செல், செல்லுக்கு ஒரு ஃபிளிப்-ஃபிளாப்தான். மிச்சம் 256. அதோடு 32 அடுக்கில் எது வேண்டுமோ அதைப் பொறுக்கி எடுக்கும் சர்க்யூட்டுக்கு ஒரு ஸ்டாக்குக்கே முந்நூறுக்கு மேல் செல் போகும். எங்கிருந்து அடங்கும்?

ஆனால் ஸ்டாக்கில் நடுவிலிருந்து யாரும் எதையும் உருவுவதில்லை. ரேஷன் கடை வரிசை மாதிரி எல்லோரும் ஒரு அடி முன்னே, அல்லது ஒரு அடி பின்னே, அவ்வளவுதான். ஆகவே மதிப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு இடம் தள்ளிப் போகும் ஷிஃப்ட் ரிஜிஸ்டராக, இரண்டு பக்கமும் நகரும்படி எழுதுங்கள். பொறுக்கி எடுக்கும் வேலையே இல்லை. பிட்டுக்கு ஒரு செல் போதும். ஆழத்தை 16 ஆகக் குறைத்தால் இரண்டு ஸ்டாக்குக்கும் சேர்த்து 512 செல். ஸ்டாக்கை வைத்தே வேலை செய்யும் ஃபோர்த் மொழியின் பாணியில் எழுதும் சின்ன புரோகிராமுக்கு 16 தாராளம்.

'சிப்பில் பிளாக் ராம் (செல்களுக்கு வெளியே இருக்கும் தனி மெமரி) சும்மா கிடக்கிறதே, ஸ்டாக்கை அதில் வைத்தால் என்ன' என்று அடுத்து கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் கவனம். பிளாக் ராம் மதிப்பை உடனே தராது, அடுத்த கிளாக் துடிப்பில்தான் தரும். சரி, அட்ரஸை ஒரு கிளாக் முன்னதாகவே கொடுத்துவிடுகிறேன் என்பீர்கள். அப்போதும் ஒரு பள்ளம் உண்டு. '2 3 +' என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 2, 3 இரண்டையும் ஸ்டாக்கில் வைத்துவிட்டுக் கூட்டுவது. உச்சி மதிப்பு தனி ரிஜிஸ்டரில் இருக்கிறது. 3 உள்ளே வரும்போது 2 ராமுக்கு இறங்குகிறது. அடுத்து வரும் கூட்டலுக்கு அதே 2 தேவை என்பதால், எழுதும் அதே கிளாக்கில் அதே இடத்தைப் படிக்கிறீர்கள். இந்தச் சிப் அப்போது பழைய மதிப்பைத்தான் கொடுக்கும். அங்கே 0 இருந்தால், 5 வர வேண்டிய இடத்தில் 3 வரும். இப்போது எழுதிய மதிப்பை ஒரு ரிஜிஸ்டரிலும் பிடித்து வைத்து, ராமைத் தாண்டி நேராக அனுப்ப வேண்டும். முதல் பிராசஸரில் இந்த வம்பு எதற்கு?

புராஜெக்ட் சென்டர் பக்கம் போய்விடாதீர்கள். சிப்பில் ஏற்றும் பிட் ஃபைலை மட்டும், கோட் இல்லாமல் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். வைவாவில் ஒரு வரி மாற்றச் சொன்னால் முழிப்பீர்கள். ஜே1 கோட் பிஎஸ்டி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது அதையே பெயர் மாற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். நம் பாடத்திட்டமோ 8085 என்ற பழைய பிராசஸரை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஸ்டாக் மெஷினைக் காட்டினால், 'அக்யூமுலேட்டர் (8085-இல் கணக்கின் விடை வந்து சேரும் ரிஜிஸ்டர்) எங்கேப்பா?' என்று கேட்கும் எக்ஸாமினரை நானே பார்த்திருக்கிறேன். உச்சி ரிஜிஸ்டரைக் கைகாட்டிவிட்டு வாருங்கள்.

மாற்றிய பிறகும் அடங்கவில்லை என்றால், கணக்குப் பகுதியில் பெருக்கல் குறி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்தச் சிப்பில் பெருக்கலுக்கென்று தனி ஹார்டுவேர் கிடையாது. அந்த ஒரு குறியே நூற்றுக்கணக்கான செல்லை விழுங்கும். அதை எடுத்துவிட்டு, ஷிஃப்டும் கூட்டலுமாக புரோகிராமிலேயே பெருக்கிக்கொள்ளுங்கள்.