லண்டன் வீட்டு லாஃப்ட்: கம்பளியா, காகிதமா?

வீட்டுச் சூடு மேலே போய்விடாமலிருக்க லாஃப்டில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) செம்மறியாட்டுக் கம்பளி போட ஆசை, விலைதான் கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏற்கெனவே 100 மி.மீ. கண்ணாடிக் கம்பளி (கண்ணாடி இழையில் செய்த பஞ்சு) கிடக்கிறது என்கிறீர்களே, அது நனையாமல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். இருப்பதை வைத்துக்கொள்வதுதான் மலிவு, சூழலுக்கும் நல்லது. மேலே 170 மி.மீ. சேர்த்தால் பிரிட்டனில் பரிந்துரைக்கும் 270 மி.மீ. கனம் வந்துவிடும்.

அதற்கு என் தேர்வு, பழைய செய்தித்தாளில் செய்த செல்லுலோஸ். ஆட்டுக் கம்பளியைவிட விலை குறைவு. எளிதில் தீப்பிடிக்காமலிருக்க போரேட் உப்பு கலந்திருப்பார்கள். மூட்டையைப் பிரித்து, கையால் நன்றாக உதிர்த்துக் கொட்டலாம். நாளடைவில் கொஞ்சம் அமுங்கும், அதனால் தாராளமாகவே கொட்டுங்கள். தூசி பயங்கரம், முகக்கவசம் கட்டாயம்.

அப்புறம், கூரையோரக் காற்றிடைவெளியை மூடிவிடாதீர்கள். நான் மூடிவிட்டேன்; ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல், ஜனவரியில் ஏறிப் பார்த்தால் ஆணி முனை ஒவ்வொன்றிலும் நீர்த்துளி தொங்கிக்கொண்டிருந்தது.