ஆறு வயதுப் பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து வெட்ட ஏலுமா?

துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தரம் 1 இல் படிக்கிறாள். இந்த வருடம் 31 நாள் பாடசாலைக்குப் போகவில்லை. 24 நாள் முட்டும் (மூச்சு இழுப்பு) காய்ச்சலும், 3 நாள் பாதையில் வெள்ளம், மிச்சம் 4 நாள் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போய் அம்மம்மா வீட்டில் நின்றது. அதிபர் கூப்பிட்டு, 80 வீத வரவு இல்லாவிட்டால் தரம் 2 க்கு ஏற்ற மாட்டோம் என்றாராம். வராத ஒவ்வொரு நாளுக்கும் அரச வைத்தியசாலையின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றும், இனி 5 நாள் தவறினால் பெயரை வெட்டச் சம்மதம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். பஸ் பிந்திய ஒரு நாள் பிள்ளையைக் கேற்றுக்கு வெளியே நிற்கவைத்தும் இருக்கிறார்கள். "நான் 2008 இல் தரம் 6 உடன் படிப்பை விட்டவள், என்ர பிள்ளைக்கும் அப்பிடி ஆகிவிடுமோ எண்டு நித்திரை இல்லை" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம், கல்வி பிள்ளையின் உரிமை, அதைத் தாயோ தகப்பனோ எழுதிக் கொடுத்துவிட முடியாது.

1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் கட்டாய வரவு ஒழுங்குவிதிகள் வந்தன. முதலில் 5 முதல் 14 வயது வரை என்றிருந்தது, 2016 இல் அதை 16 வயது வரை நீட்டினார்கள். இந்த விதிகள் எதற்காக வந்தன என்று யோசித்துப் பாருங்கள். பாடசாலைக்கு வராமல் வயலிலும் கடையிலும் வீட்டுவேலையிலும் நிற்கிற பிள்ளையைத் தேடிப்பிடித்து வகுப்பில் இருத்தத்தான். வரவு குறைந்தால் வரவுக் குழுவும் கிராம அலுவலரும் வீடு தேடி வந்து ஏன் என்று கேட்கவேண்டும், அதுதான் இந்தச் சட்டத்தின் போக்கு. பிள்ளையை உள்ளே கொண்டுவரப் போட்ட சட்டத்தை வைத்து அதே பிள்ளையை வெளியே தள்ளுவது தலைகீழான வேலை. தண்டப்பணம் என்று யாராவது வெருட்டினாலும், அது நீதிமன்றம் விதிப்பது, அதிபர் விதிப்பதல்ல.

அந்த 80 வீதக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு 80 வீத வரவு தேவை. அது பெரிய வகுப்புப் பிள்ளைகளின் விதி, அதைக் கொண்டுவந்து தரம் 1 பிள்ளையின் தலையில் வைக்க முடியாது. அப்படி வேறு ஒரு சுற்றறிக்கை இருக்கிறது என்று அதிபர் சொன்னால் இலக்கத்தைக் கேளுங்கள். தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். பெரும்பாலும் இந்தக் கடிதம் போன உடனேயே பேச்சின் தொனி மாறிவிடும்.

மருத்துவச் சான்றிதழ் விஷயத்தில் அதிபர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு பிள்ளை 31 நாள் வராவிட்டால் மேலிடம் அவரைத்தான் கேட்கும், அதைவிட எங்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் படிப்பை விட்டுப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனபடியால் காரணம் கேட்பது பிழையில்லை. ஆனால் இரவு முட்டு இழுத்து விடியப்புறம் குறைந்த பிள்ளையை, ஒரு துண்டுக் கடதாசிக்காக மோட்டார் சைக்கிளில் ஏற்றி மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பது எந்தத் தாயிடமும் கேட்கக்கூடாத ஒன்று. உங்களிடம் கிளினிக் கொப்பி இருக்கும், ஆஸ்பத்திரித் துண்டுகள் இருக்கும், எல்லாவற்றையும் திகதி வாரியாகப் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம், இந்தப் பிள்ளைக்கு முட்டு இருக்கிறது, இடைக்கிடை வீட்டில் நிற்கவேண்டி வரும் என்று ஒரேயொரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நாளுக்கொரு சான்றிதழை விட அது பலமானது.

அந்த 4 நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். பொங்கலுக்குப் போன நாளுக்குச் சுகமில்லை என்று தயவுசெய்து சான்றிதழ் எடுக்காதீர்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் உண்மையான 24 நாளையும் சந்தேகிப்பார்கள். குடும்பத்தோடு கோவிலுக்குப் போனோம் என்று உள்ளதை எழுதுங்கள். அடுத்த முறை ஒரு நாளோடு திரும்பப் பாருங்கள், தரம் 1 இல் எழுத்துப் பழகுகிற பிள்ளைக்கு நான்கு நாள் பெரிய நாள்தான்.

கேற்றுக்கு வெளியே நிற்கவைத்தது எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. பஸ் பிந்துவது ஆறு வயதுப் பிள்ளையின் குற்றமா? வெளியே றோட்டில் அவளுக்கு ஏதும் நடந்திருந்தால் யார் பொறுப்பு? உடல் தண்டனையைத் தடுக்கும் 12/2016 சுற்றறிக்கை கல்வி அமைச்சுடையது. ஒரு ஆசிரியர் மாணவனை அறைந்த வழக்கில் அரசியலமைப்பின் உறுப்புரை 11 (சித்திரவதையோ இழிவான நடத்துகையோ கூடாது என்பது) மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தும் இருக்கிறது. உங்கள் விஷயம் அந்தளவுக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் திகதி, நேரம், யார் கேற்றில் நின்றார் என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள். இன்னொரு தரம் நடந்தால் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள், அல்லது சிறுவர் உதவித் தொலைபேசி 1929 க்கு அழையுங்கள்.

இப்போதைக்கு அதிபருக்கு மரியாதையாக ஒரு பக்கக் கடிதம் போதும். வராத நாட்கள், காரணம், டொக்டரின் கடிதப் பிரதி, பஸ் வருகிற நேரம், அந்தச் சம்மதக் கடிதத்தில் ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்பது, இவ்வளவும் இருக்கட்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் போட்டு பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் போகட்டும். வேறு பாடசாலைக்கு மாற்றுவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள், விடுகைப் பத்திரத்தை நீங்களாகக் கேட்டு வாங்கிவிட்டால் அப்புறம் நாங்கள் விலக்கவில்லை, அவர்கள்தான் போனார்கள் என்று பாடசாலை சொல்லிவிடலாம்.

அதையும் மீறி ஒரு நாள் பெயரை வெட்டினால், சமாதானம் பேசிப் பேசி மாதக் கணக்கில் அலையாதீர்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அவர்கள் விசாரிக்கிற காலம் அந்தத் தவணையில் சேராது. வழக்குக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம். பெயர் வெட்டிய திகதியை மட்டும் சரியாகக் குறித்து வையுங்கள், ஒரு மாதம் அன்றிலிருந்துதான் எண்ணப்படும்.