பதில்: 'ஹாட் பெட்டர்' (had better) என்றதும் விருந்தினர் முகம் மாறியது ஏன்?

திருகோணமலை நிலாவெளி விடுதியின் வரவேற்பில் நின்று, சுற்றிப்பார்க்க இடம் கேட்ட தம்பதியிடம் நீங்கள் "யூ ஹாட் பெட்டர் கோ டு பிஜன் ஐலண்ட்" என்றதும் அந்தத் தம்பதி ஒரு மாதிரிப் பார்த்தார்கள், 'மஸ்ட்' போட்டிருக்க வேண்டுமோ என்று கேட்டிருந்தீர்கள்.

'ஹாட் பெட்டர்' யோசனை இல்லை, எச்சரிக்கை. கேட்காவிட்டால் ஏதோ கெட்டது நடக்கும் என்ற தொனி அதில் உண்டு. அந்தப் பிஜன் ஐலண்டில், அதாவது புறாத்தீவில், பவளப்பாறை மேல் ஏறப் போகிறவரிடம் "யூ ஹாட் பெட்டர் நாட் ஸ்டாண்ட் ஆன் தட்" என்றால் சரி.

'மஸ்ட்' கட்டளை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கோணேஸ்வரம் கோயிலைப் பற்றி "யூ மஸ்ட் சீ கோணேஸ்வரம்" என்று சிரித்தபடி சொன்னால் அது ஆசையான பரிந்துரை. ஆனாலும் வரிக்கு வரி போட்டால் அதிகாரம் பண்ணுவது போலத்தான் கேட்கும்.

உங்கள் வேலைக்கு நான் 'குட்'டைத்தான் (could) சொல்வேன். "யூ குட் விசிட் த கன்னியா ஹாட் வெல்ஸ், ஓர் ஜஸ்ட் ரிலாக்ஸ் ஆன் த பீச்" என்றால் தெரிவு அவர்கள் கையில். உங்களுக்கே உறுதியான அபிப்பிராயம் இருந்தால் 'ஷுட்' (should). இவற்றுக்குப் பின்னால் 'டு' வரவே வராது: "ஷுட் கோ", "ஷுட் டு கோ" அல்ல. "ஐ சஜெஸ்ட் யூ டு கோ" என்பதும் பிழை, நம்மவர்கள் நிறையப் பேர் சொன்னாலும். "ஐ சஜெஸ்ட் யூ கோ" போதும்.

கோயிலில் செருப்புக் கழற்றுவது விதி என்பதால் அங்கே 'குட்' வேண்டாம். "யூ வில் நீட் டு டேக் ஆஃப் யுவர் ஷூஸ்" என்று சொல்லுங்கள்.