ஆடும் கரடியும் எதற்குக் குறியீடு?

ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவலின் 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' (1962) படத்தில் வரும் ஆடும் கரடியும் எதைக் குறிக்கின்றன என்று பிடிபடாததால் திரைப்படக் கழக உரையை எழுத முடியவில்லை என்கிறீர்கள். சரி, முதலில் அந்தத் தேடலை ஓரம் வையுங்கள். கதைப்படி அவை, ஒரு பணக்கார வீட்டு விருந்தில் விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட வீட்டுக்காரி ஏற்பாடு செய்தவை, அவ்வளவுதான். கரடி என்றால் இன்ன நாடு என்று அகராதி போடத் தொடங்கினால் படம் விடுகதையாகச் சுருங்கிவிடும்.

யார் வெளியேறுகிறார்கள், யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். விருந்து முடிவதற்குள்ளாகவே வேலைக்காரர்கள், வீட்டு மேலாளரைத் தவிர, ஏதேதோ சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். கதவு திறந்தே கிடக்க, கனவான்களும் சீமாட்டிகளும் அந்த மேலாளரும் வரவேற்பறையைத் தாண்ட முடியாமல், சுவரை உடைத்துக் குழாய்த் தண்ணீர் குடித்து, அந்த ஆடுகளையே அடித்துத் தின்னும் நிலைக்கு இறங்குகிறார்கள். பூட்டே இல்லாத சிறை, அதுதான் நையாண்டி. என்னைக் கேட்டால் உரையின் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

அப்புறம் முடிவு. ஒருவழியாக வீட்டிலிருந்து விடுபட்டவர்கள் நன்றி செலுத்தப் போகும் தேவாலயத்துக்குள்ளும் அதே முடக்கம், வெளியே தெருவில் துப்பாக்கிச் சூடு, உள்ளே நுழையும் ஆட்டுமந்தை. சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட கால ஸ்பெயினை இங்கே பேசலாம், ஆனால் "இதுதான் அர்த்தம்" என்று அடித்துச் சொல்லாதீர்கள். புனுவலே விளக்கம் கொடுக்க மறுத்தவர்.